கதவு கொடுத்த பட்டியல்

ஹைதராபாத்தில் பன்னிரண்டு நாள் இருந்தேன். சார்மினாரைப் பார்க்கவில்லை. கோல்கொண்டாவுக்குப் போகவில்லை. பிரியாணி ஒரே ஒரு தடவை சாப்பிட்டேன், அதையும் கோபத்தில் சாப்பிட்டதால் ருசி நினைவில்லை. பயணக் கட்டுரை எழுத உட்காருகிறவள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயம் இல்லை இது. ஆனால் நான் அங்கே போன வேலையும் அது முடிந்த விதமும் இத்தனை வருஷம் கழித்தும் தொண்டையிலேயே நிற்கின்றன.

நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் உளவியல் நடத்துகிறவள். அப்போது என் ஆராய்ச்சி ஒரே கேள்வியைச் சுற்றி இருந்தது. மனசு சரியில்லாதபோது ஒரு ஆள் அதை யாரிடம் சொல்கிறார்? எங்கள் ஊரில் இதை விசாரிப்பது கஷ்டம். மனநல டாக்டர் வாசலில் ஒருத்தி செருப்பைக் கழற்றினால், அவள் பஸ் ஏறி வீடு போய்ச் சேர்வதற்குள் சேதி போய்ச் சேர்ந்துவிடும். அதனால் தலைவலி, வாயு, தூக்கமில்லை என்று எல்லாப் பழியையும் உடம்பின் மேல் போட்டுவிடுவார்கள். யாருக்கும் யாரையும் தெரியாத ஊரில் வாயைத் திறப்பார்களோ என்று பார்க்க ஆசைப்பட்டேன். கம்ப்யூட்டர் வேலைக்கு ஹைதராபாத் போன எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நிறைய. கச்சிபௌலியில் ஒரு பெரிய நிறுவனம் அனுமதி கொடுத்தது. அங்கே வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகள் இருபது பேர் பேசச் சம்மதித்திருந்தார்கள்.

பேகம்பேட் விமான நிலையத்தை மூடிவிட்டு ஊருக்கு வெளியே புதிதாகத் திறக்கப் போகிறார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. ஜூலை மாதம். ஒரு புதன்கிழமை போய் இறங்கினேன்.

ஏ.எஸ்.ராவ் நகரில் என் கல்லூரித் தோழி செல்வராணி வீட்டில் தங்கினேன். அவள் கணவர் அங்கே அரசாங்க மின்னணுத் தொழிற்சாலையில் இன்ஜினியர். கல்யாணமாகி வந்து இருபது வருஷத்தில் அவள் பேச்சில் பாளையங்கோட்டையும் ஹைதராபாத்தும் அரைக்கு அரை கலந்திருந்தன. வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"ஏட்டி, கைக்கு இம்புட்டு தூரம் வந்து பைத்தியக்கார வேலை பாக்கே? நம்ம ஊர்ல ஆளா இல்ல?"

'கைக்கு' என்றால் 'எதற்கு' என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. பத்தாம் வகுப்புப் படிக்கும் அவள் மகளிடம் நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் தெலுங்கில் பதில் வந்தது. இருவருக்கும் மற்றவர் சொன்னது புரிந்தது, அதனால் பேச்சு நன்றாகவே நடந்தது.

மறுநாள் காலை பெசரட்டு. பச்சைப்பயறு தோசைக்குள் உப்புமாவை ஒளித்து வைத்து, பக்கத்தில் இஞ்சிச் சட்னி. உப்புமாவைக் கண்ணால் பார்த்து வேண்டாம் என்று சொல்லும் உரிமைகூட சாப்பிடுகிறவருக்கு இல்லையா என்று தோன்றியது. இரண்டு சாப்பிட்டேன். செல்வராணியின் கணவர் பேப்பரை மடித்துவிட்டு என் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டார். சொன்னேன்.

"இந்த ஐ.டி. பசங்களுக்கு என்னம்மா கவலை?" என்றார். "ஏ.சி.ல உக்காந்து சம்பளம் வாங்குதான். எங்க காலத்துல மனசு சரியில்லன்னா ஓவர்டைம் பாப்போம். சரியாப் போயிரும்."

படித்தவர், நல்லவர். அவர் சொன்னதைத்தான் அடுத்த பத்து நாளும் வேறு வேறு வாயிலிருந்து கேட்டேன். கால் ஒடிந்தவனிடம் ஓடச் சொல்ல மாட்டோம். மனசு ஒடிந்தவனிடம் மட்டும் எல்லோருக்கும் சொல்ல ஒரு வைத்தியம் இருக்கிறது.

அங்கிருந்து கச்சிபௌலி போவது ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போவது மாதிரி. முதல் பஸ்ஸிலேயே பின்வாசலில் ஏறி மாட்டிக்கொண்டேன். "பெண்களுக்கு முன்வாசல் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும், அம்மாவுக்குத் தெரியாதா?" என்று கண்டக்டர் தெலுங்கில் கேட்டதாகப் பக்கத்தில் நின்ற பெரியவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். ரயில் ஏறி இறங்கியபோது மழை பிடித்தது. ஒரு ஆட்டோ கிடைத்தது. முழங்கால் தண்ணீரில் பாதி வழி போய் அது இருமி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கவில்லை. தண்ணீர் வடியட்டும் என்று கால்களை மடித்து சீட்டில் வைத்துக்கொண்டார். நான் செல்ஃபோனில் செல்வராணியிடம் தமிழில் புலம்பியதைக் கேட்டுத் திரும்பினார்.

"மேடம் தமிழா? நாங்களும் தமிழ்தான். தாத்தா ரயில்வே ஒர்க்ஷாப்ல ஃபிட்டர். ஜோலார்பேட்டைல இருந்து வந்தாரு. நாங்க பொறந்தது எல்லாம் இங்க காலனிலதான்."

பெயர் ஆரோக்கியதாஸ். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று கேட்டுக்கொண்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஹவ் மேடம், ஆமா, இது கேக்க வேண்டிய கேள்விதான்" என்றார். "இங்க ஏறுற பிள்ளைங்க உக்காந்த உடனே கண்ணை மூடிக்கும். தூங்கறதுன்னு நெனச்சேன். ஒரு நாள் கண்ணாடில பாத்தா, கண்ணை மூடிக்கிட்டே அழுவுது ஒரு பொண்ணு. என்னம்மான்னு கேக்கலாமா? நக்கோ, வேண்டாம்னு விட்டுட்டேன். நான் யாரு கேக்க?"

என் வினாத்தாளில் பல பக்கங்களில் நான் தேடியதை அவர் ஒரு வெள்ளத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டார்.

நிறுவனத்தின் வாசலில் என்னைப் படம் எடுத்து, அதை ஒரு அட்டையில் ஒட்டி, என் கழுத்திலேயே தொங்கவிட்டார்கள். லிஃப்டுக்குள் ஒரு போஸ்டர், 'உங்கள் மனதில் இருப்பதை எங்களிடம் சொல்லுங்கள்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. பல் தெரியச் சிரிக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். மனிதவளப் பிரிவில் என்னைக் கவனித்துக்கொள்ள நியமிக்கப்பட்டவர் வந்தனா என்ற நாக்பூர்ப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். தண்ணீர் சொட்டிய என்னைப் பார்த்ததும் முதலில் துண்டும் அப்புறம் டீயும் வரவழைத்தார். அதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

அவர் எனக்கு ஒதுக்கிய அறையின் பெயர் கோதாவரி. நாலு பக்கமும் கண்ணாடி. எதிரே இருநூறு பேர் வேலை செய்யும் கூடம்.

"இங்கே உட்கார்ந்து ஒரு ஆள் தன் மனசைத் திறந்து பேச முடியுமா?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு ஒளிவு மறைவு கிடையாது மேடம். இங்கே எல்லாமே திறந்த முறை" என்றார் வந்தனா. அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே நம்பிச் சொன்னார்.

அரை மணி நேரம் வாதாடிய பிறகு நாலாவது மாடிக் கோடியில் ஜன்னலில்லாத ஒரு சின்ன அறை கிடைத்தது. மரக்கதவு. அட்டையைக் காட்டினால்தான் திறக்கும், உள்ளே போகவும் வெளியே வரவும் அவரவர் அட்டை வேண்டும். நான் நிம்மதியானேன். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

என் முறை இதுதான். வினாத்தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும். எந்த எண் யாருடையது என்பது ஒரு சின்ன நோட்டில் இருக்கும், அந்த நோட்டு என் கைப்பையில் இருக்கும். 'நீங்கள் சொல்வது உங்கள் பெயரோடு யாருக்கும் போகாது' என்று படிவத்தில் அச்சடித்திருந்தேன். வாயாலும் சொன்னேன். ஒவ்வொருவரிடமும் சொன்னேன்.

அன்று இரண்டு பேர், வெள்ளிக்கிழமை நாலு பேர் வந்தார்கள். பெரும்பாலோர் அரை மணியில் முடித்துக்கொண்டார்கள். அம்பாசமுத்திரத்துப் பையன் ஒருவன், "அம்மாவுக்கு ஃபோன் போட்டு இன்னைக்கு என்ன கொழம்புன்னு கேப்பேன் மேடம். வேற ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவங்க சொல்லச் சொல்ல எனக்குச் சரியாயிரும்" என்றான். இன்னொருவன் தனக்கே மின்னஞ்சல் எழுதி, அனுப்பாமல் அழித்துவிடுவதாகச் சொன்னான்.

மதியம் கேன்டீனில் சாப்பிட்டேன். நீள நீள மேஜைகள். ஒவ்வொரு நாற்காலியிலும் ஆள், ஒவ்வொரு காதிலும் ஒயர். பப்பு என்கிற பருப்பு நன்றாக இருந்தது, சாம்பாரில் யாரோ வெல்லத்தைக் கொட்டியிருந்தார்கள். அத்தனை பேர் சாப்பிடும் இடத்தில் தட்டு உரசும் சத்தம் மட்டும் கேட்டது. எங்கள் கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்தில் வாத்தியார்கள் கத்துவது வெளியே ரோடு வரை கேட்கும்.

வெள்ளிக்கிழமை கடைசியாக வந்தவள் முத்துலட்சுமி. இது அவள் பெயர் இல்லை. இதை எழுதலாமா என்று பின்னால் நான் கேட்டபோது அவளே தேர்ந்தெடுத்துக் கொடுத்த பெயர். கோவில்பட்டிக்காரி, இருபத்துநாலு வயது. கலகலவென்று உள்ளே வந்து, ஊர்ப் பேச்சைக் கேட்டதும் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். முதல் கால் மணி நேரம் கடலை மிட்டாய், அவள் அப்பாவின் பலசரக்குக் கடை, ஹாஸ்டல் வார்டன் என்று ஒரே சிரிப்பு. "சாப்பாடு யாரோடு?" என்று நான் கேட்டபோது நின்றது.

"ஃப்ரெண்ட்ஸோடன்னு வீட்ல சொல்லுதேன்" என்றாள். "நெசத்துல மாடிப்படில உக்காந்து சாப்பிடுதேன் மேடம். ஆறாவது மாடிக்கு மேல யாரும் வர மாட்டாங்க."

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. போன வருஷம் முழுக்க காலையில் எழுந்திருக்கவே முடியாமல் போனது. சாகலாம் என்று தோன்றவில்லை, ஆனால் எதுவுமே தோன்றவில்லை. அவளாகவே பேகம்பேட்டில் ஒரு மனநல டாக்டரைத் தேடிப் போய் ஆறு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறாள். இப்போது நன்றாக இருக்கிறாள். வீட்டுக்குத் தெரியாது, ஹாஸ்டல் தோழிக்குத் தெரியாது. மாத்திரையை வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். அடுத்த மாதம் வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அதை 'ஆன்சைட்' என்பார்கள், அங்கே எல்லோரும் தவம் கிடப்பது அதற்குத்தான்.

"இத முழுசா ஒரு ஆள்ட்ட சொல்லுதது இதான் ஃபர்ஸ்ட் டைம்" என்றாள். "டாக்டர்ட்டகூட அஞ்சு நிமிசம்தான் கெடைக்கும்."

அவள் எழுந்தபோது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்து போனாள்.

சனி, ஞாயிறு செல்வராணி வீட்டில் கோங்குரா என்கிற புளிச்சக்கீரைத் துவையலும் ஆவக்காய் ஊறுகாயும் சாப்பிட்டு, எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தேன். தனியாக டாக்டரைத் தேடிப் போகும் தைரியம் அந்த ஊரின் அநாமதேயம் கொடுத்தது என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். திங்கட்கிழமை இன்னும் ஐந்து பேரைப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை வந்தனா கூப்பிட்டார்.

"மேடம், இதுவரை பார்த்ததில் யாருக்கு உதவி தேவை என்று ஒரு பட்டியல் கொடுத்தால் நல்லது."

"அது முடியாது. படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களும் படித்தீர்களே."

அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு சொன்னார், "போன வருஷம் எங்கள் பையன் ஒருவன் நாலு நாள் வேலைக்கு வரவில்லை. யாரும் தேடவில்லை. அஞ்சாம் நாள் அவன் அறைக் கதவை உடைத்தார்கள். அவன் அப்பாவுக்கு ஃபோன் செய்தது நான்தான். இன்னொரு தடவை அப்படி ஒரு ஃபோனை என்னால் செய்ய முடியாது."

என் கோபம் அங்கே தடுமாறியது. அவர் கண் கலங்கியிருந்தது. "அப்படி ஆபத்தில் இருக்கிற ஒருவரை நான் பார்த்தால், அவரிடமே சொல்லி, அவரோடு நானே டாக்டரிடம் போவேன். உங்களிடம் பெயர் தர மாட்டேன். நீங்கள் அவர்களுக்கு மார்க் போடுகிறவர்கள்" என்றேன்.

"உங்கள் கொள்கையை மதிக்கிறோம். அதனால்தான் நாங்கள் உங்கள் காகிதத்தைத் தொடவே இல்லை" என்றார் வந்தனா. பிறகு தன் மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பினார்.

அந்த அறைக் கதவின் பதிவு. யார், எத்தனை மணிக்கு உள்ளே போனார், எத்தனை மணிக்கு வெளியே வந்தார், மொத்தம் எத்தனை நிமிஷம். பதினோரு பெயர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்த மூன்று பெயர்களின் மேல் மஞ்சள் மை. முதல் மஞ்சள் முத்துலட்சுமி.

"அதிக நேரம் பேசினவர்களுக்குப் பிரச்சினை அதிகம் என்பது இயல்பான ஊகம்தானே?" என்றார். "அந்தப் பெண்ணுக்கு நெருக்கடி வேண்டாமென்று இந்தத் தடவை ஆன்சைட் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள். நேற்று மாலை சொல்லியாகிவிட்டது. அவள் நன்மைக்குத்தான்."

இருபது வருஷமாக நான் கற்றதும் கற்பித்ததும் அந்தத் தாளின் முன்னால் ஒன்றுமில்லாமல் போயிற்று. நான் நோட்டைக் கைப்பையில் பூட்டி, பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன். அவர்கள் என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மூன்று பேரில் ஒருவன் ஒன்றரை மணி நேரமும் தன் தங்கை கல்யாணக் கதையைச் சொன்னவன், அவனைப் போல் மன நிம்மதியுள்ள ஆளை நான் பார்த்ததில்லை. அவனுக்கும் மஞ்சள். குணமாகித் தெளிந்து நிற்கிற பெண்ணுக்குத் தண்டனை. அதற்குப் பெயர் அக்கறை.

முத்துலட்சுமி வெளியே பஸ் நிறுத்தத்தில் எனக்காகக் காத்திருந்தாள்.

"நீங்க சொன்னீங்களா மேடம்?"

"இல்லைம்மா." கதவுப் பதிவைப் பற்றிச் சொன்னேன். கேட்டு முடிக்கும் வரை என் முகத்தையே பார்த்தாள்.

"நீங்க சொல்லல. சரி. ஆனா அந்த ரூமுக்கு என்னைக் கூப்பிட்டது நீங்கதான?" என்றாள். "நீங்க படிச்சவங்க. கதவு கணக்கு வைக்கும்னு ஒங்களுக்குத் தோணலயா?"

தோன்றவில்லை. அவளிடம் அப்படியே சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

அன்றுதான் செல்வராணி என்னைச் சமாதானப்படுத்த பிரியாணிக் கடைக்கு இழுத்துப் போனாள். நான் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு இன்னொரு கையால் மேஜையைத் தட்டித் தட்டிப் பேசியதில் பக்கத்து மேஜைக் குடும்பம் எழுந்து இடம் மாறியது. "ஆராய்ச்சிய நிப்பாட்டிட்டு ஊருக்குப் போயிரு. நமக்கு எதுக்குட்டி?" என்றாள் செல்வராணி. நிறுத்தத்தான் நினைத்தேன்.

ஆனால் இன்னும் ஒன்பது பேர் பாக்கி இருந்தார்கள். காரணம் சொல்லாமல் நிறுத்துவது சரியில்லை. சாயந்திரம் ஒவ்வொருவருக்கும் ஃபோன் செய்தேன். கதவு நேரத்தைக் குறிக்கிறது, அதை நிர்வாகம் எடுத்து, அதிக நேரம் இருந்தவர்கள் பெயரில் மஞ்சள் மை பூசுகிறது, ஒரு ஆளுக்கு அதனால் நஷ்டம் வந்திருக்கிறது, அதனால் வர வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். யார் என்று சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அதில் ஒருவன் திரும்பக் கூப்பிட்டான். அப்துல் காதர், மேலப்பாளையத்துக்காரன். வினாத்தாளை முன்கூட்டியே வாங்கி, 'அலுவலகத்தில் உங்களுக்கு நெருக்கமானவர்கள்' என்ற இடத்தில், மற்றவர்களைப் போலவே, யாரும் இல்லை என்று ஒரு கோடு போட்டுக் கொடுத்திருந்தவன்.

"மேடம், நாங்க பேசிக்கிட்டோம்" என்றான். "ரூம் வெள்ளி வரைக்கும் ஒங்க பேர்லதான இருக்கு? ஒம்பது பேரும் வாரோம். ஆளுக்கு ரெண்டு மணி நேரம். ஒரு நிமிசம்கூடக் கொறயாது. மஞ்சள் மை வாங்கி அவங்களுக்குக் கட்டுபடியாகாது."

"உங்கள் எல்லோருக்கும் ஆபத்தாகிவிடும் தம்பி."

"ஒம்பது பேரயும் எடுத்தா எங்க ப்ராஜெக்ட்டு படுத்துரும். அதுல எங்க டீம் லீடரும் ஒருத்தரு."

புதன், வியாழன், வெள்ளி. ஒரு நாளைக்கு மூன்று பேர். முதலில் காதர் வந்தான், மடிக்கணினியைத் திறந்து இரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டுப் போனான். ஒருவன் நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டான். நாகர்கோவில்காரி ஒருத்தி மரவள்ளிக்கிழங்கும் மீன் கறியும் எப்படிச் செய்ய வேண்டும் என்று எனக்கு விரிவாகச் சொன்னாள். கேள்வி எதுவும் கேட்பதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். பேனாவை மூடிப் பைக்குள் போட்டுவிட்டேன்.

நான் எதிர்பாராதது வியாழக்கிழமை நடந்தது. டீம் லீடர் வந்தார். நாற்பதை நெருங்குகிறவர், குடும்பஸ்தர். கொண்டுவந்த பேப்பரை ஒரு மணி நேரம் புரட்டினார். பிறகு அதை மடித்து வைத்துவிட்டு, "மேடம், நீங்க எழுதலைன்னா ஒண்ணு சொல்லலாமா?" என்று கேட்டார். அடுத்த ஒரு மணி நேரம் அவர் சொன்னதை நான் எழுதவில்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை. அவருக்கு அப்புறம் வந்தவர்களில் இன்னும் மூன்று பேர் பேசினார்கள். எல்லோரும் இரண்டு மணி நேரம் இருந்ததால், யார் பேசினார், யார் தூங்கினார் என்று எந்தக் கதவாலும் சொல்ல முடியாது. பத்திரமான இடத்தை எனக்கு அந்தப் பிள்ளைகள் கட்டிக் கொடுத்தார்கள். ஒருவருக்கொருவர் நெருக்கமில்லை என்று கோடு போட்டவர்கள்.

வெள்ளி சாயந்திரம், கடைசி ஆளும் போன பிறகு, நிறுவனத்தின் ஹைதராபாத் மையத் தலைவர் என்னை அழைத்தார். அதற்கு முன்பே முத்துலட்சுமிக்கு ஃபோன் செய்து, உன்னைப் பற்றி அவரிடம் பேசலாமா என்று கேட்டிருந்தேன். "பேரச் சொல்லாம எப்படிப் பேசுவீங்க? சொல்லுங்க. மாத்திர மட்டும் சொல்லாதீங்க" என்றாள்.

தலைவர் சேலத்துக்காரர். எனக்கு அது தெரியாது, ஏனென்றால் முதல் கால் மணி நேரம் ஆங்கிலம்தான். கதவு நிறுவனத்தின் சொத்து, பதிவும் நிறுவனத்தின் சொத்து, ஊழியர் நலன் நிறுவனத்தின் பொறுப்பு, விதி எதுவும் மீறப்படவில்லை என்றார். மேஜையில் புதிய தாள் இருந்தது. ஒன்பது பெயருக்கும் நூற்றிருபது நிமிஷம், இல்லையென்றால் அதற்குக் கொஞ்சம் மேலே. யாரும் மஞ்சள் மையைத் திறந்திருக்கவில்லை.

"இதில் யாருக்குப் பிரச்சினை என்று சொல்லுங்கள் பார்க்கலாம்" என்றேன். "உங்கள் டீம் லீடரையும் சேர்த்து எல்லோரையும் வேலையை விட்டு எடுப்பீர்களா? ஒரு பெண்ணை மட்டும் ஆன்சைட் பட்டியலில் இருந்து எடுத்தது எந்த விதி?"

அவர் தாளை ஓரமாக நகர்த்தினார். வந்தனா ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் மெதுவாக, "அந்தப் பெண்ணின் வேலையில் குறை எதுவும் இல்லை சார். நான் கோப்பைப் பார்த்தேன்" என்றார். அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

"நான் இதை எழுதுவேன்" என்றேன். "என் ஆராய்ச்சிக் கட்டுரையில் எழுதுவேன், பத்திரிகையிலும் எழுதுவேன். இந்தக் கட்டடத்தின் பெயரோடு எழுதுவேன்."

அப்போதுதான் அவர் தமிழுக்கு மாறினார்.

"அம்மா, கோபப்படாதீங்க. நாமெல்லாம் ஒரே பக்கத்து ஆளுங்க" என்றார். "அந்தப் பொண்ணு பேரை லிஸ்டுல சேத்துடறோம். கதவு ரெக்கார்டையும் அழிச்சிடறோம். நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யணும். எங்க கம்பெனி பேரை எங்கேயும் போடக்கூடாது. எழுத்தா வேணாம். உங்க வார்த்தை போதும்."

மறுக்கும்போது ஆங்கிலம், கேட்கும்போது தமிழ். எனக்கு வந்த ஆத்திரத்தில் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். யோசிக்க வேண்டும் என்று சொல்லி வெளியே வந்து முத்துலட்சுமியைத் தேடிப் போனேன். ஆறாவது மாடிக்கு மேல் படியில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். பெயரைப் போட்டு எழுதினால் இனி வருகிற பிள்ளைகளுக்காவது உதவும் என்றும் சொன்னேன். அது நியாயம் என்று நான் நம்பினேன்.

"எழுதுங்க, நல்லதுதான்" என்றாள். எழுந்து உடையைத் தட்டிக்கொண்டாள். "ஆனா எனக்குப் போகணும் மேடம். ரெண்டு வருசமா இதுக்குத்தான் இங்க கெடக்கேன்."

திரும்பிப் போய் வாக்குக் கொடுத்தேன். தலைவர் எழுந்து கை கூப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குத் திரும்பினேன். வினாத்தாள்களை அவரவரிடமே கிழித்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். வெறுங்கையோடு வந்ததற்குத் துறைத்தலைவர் விளக்கம் கேட்டார், சொன்னேன். "நீங்கதான் பேரைக் கொடுக்கலையேம்மா. அப்புறம் நம்ம பக்கம் என்ன தப்பு?" என்றார். என் பக்கத்துத் தப்பை அவருக்கு விளக்க என்னால் முடியவில்லை.

முத்துலட்சுமி போய்விட்டு ஒன்றரை வருஷம் கழித்துத் திரும்பினாள். மாத்திரையை டாக்டரே நிறுத்திவிட்டார். தனக்குப் பார்த்த மாப்பிள்ளையிடம் அவளே எல்லாவற்றையும் சொன்னாள், அவன் சரி என்றான். இப்போது கோவையில் இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை பேசுவோம். இன்னும் என் மேல் கொஞ்சம் கோபம் இருக்கிறது என்று போன தடவைகூடச் சொன்னாள். இருக்கட்டும் என்றேன்.

அந்த நிறுவனம் இப்போது இன்னும் பெரிதாகிவிட்டது. ஊழியர் மனநலத்துக்காக ஏதோ விருது வாங்கியதாகப் பேப்பரில் படம் பார்த்தேன், சேலத்துக்காரர் நடுவில் நின்றார். அவள் பெயர் யாருக்கும் போகாது என்று நான் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று அவர்களுக்குக் கொடுத்த வாக்கைத்தான் இன்று வரை காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.